ஒரு சிரட்டைக் கஞ்சியில் எத்தனை கிராம் அரிசி

சிவப்புப் பச்சையரிசி 5 கிலோ. உப்பு 400 கிராம். கொதித்து வற்றியபின் கிடாரத்தில் மிஞ்சும் கஞ்சி சுமார் 50 லீற்றர். தேங்காய்ப்பால் இல்லை, பயறு இல்லை, வெங்காயம் இல்லை. காங்கேசன்துறையில் எங்கள் வளவில் மே 18ஆம் நாள் முள்ளிவாய்க்கால் நினைவாக வைக்கும் கஞ்சிக்கு இவ்வளவுதான் சாமான்.

180 மில்லிலீற்றர் பிடிக்கும் சிரட்டையால் வார்த்தால், சிந்துவது போக, 270 சிரட்டை வரும். அப்படியென்றால் ஒரு சிரட்டைக்குள் போகும் அரிசி 18½ கிராம். நூறு கிராம் அரிசிக்கு 360 கலோரி என்று வைத்தால் ஒரு சிரட்டைக்கு 67 கலோரி. பேரிடர் காலத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 2,100 கலோரி வேண்டும் என்பது உலக அமைப்புகள் வைத்திருக்கும் அளவு. இந்தக் கஞ்சியால் அதை எட்ட ஒருவர் 31 சிரட்டை குடிக்க வேண்டும்.

செலவு: 2024 டிசெம்பரில் அரசு விதித்த உச்ச சில்லறை விலைப்படி சிவப்புப் பச்சையரிசி கிலோ 220 ரூபா. ஐந்து கிலோ 1,100 ரூபா. சிரட்டைக்கு 4 ரூபா. விறகு வளவில் கிடந்தது. சிரட்டை அயல்வீடுகளில் சேர்த்தது. 2025 மே மாதத்தில்தான் உப்புக்கு அலைந்தோம். நாடு முழுக்க உப்புத் தட்டுப்பாடு. ஆனையிறவில் உப்புத் தொழிற்சாலையை அந்த மார்ச்சில்தான் திரும்பத் திறந்திருந்தார்கள். உப்பளம் இருக்கும் குடாநாட்டில் கடை கடையாய் ஏறி இறங்கி 400 கிராம் சேர்த்தேன்.

எங்கள் அப்பா சங்கக்கடையில் கணக்கு எழுதியவர். கூப்பன் காலத்து ஆள். அவர் சொல்லித் தந்தது ஒன்றுதான்: முதலில் தலையை எண்ணு, பிறகு மூடையை எண்ணு. தலைக் கணக்குப் பிழைத்தால் மூடைக் கணக்குத் தானாகப் பிழைக்கும். பசியைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் இதைவிடத் தெளிவாக எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. பஞ்சத்தில் முதலில் குறைவது சோறு என்று நினைத்திருந்தேன். பேரேடுகளைப் புரட்டிப் பார்த்தால், அதற்கு முன்பே சனத்தொகை குறைந்திருக்கிறது. தாளில்.

70,000

2009 பெப்ரவரி 18. இந்திய வெளிவிவகார அமைச்சர் பிரணாப் முகர்ஜி நாடாளுமன்றத்தில் பேசும்போது வன்னியில் போருக்குள் சிக்கியிருப்பவர்கள் சுமார் 70,000 பேர் என்றார். இலங்கை அரசு சொல்லிவந்த தொகையும் அதை ஒட்டியதுதான். அதே நாட்களில் முல்லைத்தீவில் சனத்தோடு சனமாக இருந்த மாவட்ட நிர்வாக அதிகாரிகள் பதிந்து அனுப்பிய தொகை சுமார் 330,000.

அப்பாவின் முறையில் பார்க்கிறேன். ஒருவருக்கு நாளுக்கு 500 கிராம் உலர் உணவு என்று வைப்போம். 70,000 பேருக்கு நாளொன்றுக்கு 35 தொன் வேண்டும். 330,000 பேருக்கு 165 தொன். தாளில் எண்ணை மாற்றியதோடு ஒரு நாளில் 130 தொன் தேவையே இல்லாமற் போகிறது. அந்த 35 தொன்னும் ஒரு மணி குறையாமல் வந்து சேர்ந்து, 330,000 பேருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டிருந்தால், ஆளுக்கு 106 கிராம். 380 கலோரி. பால்கொடுக்கும் தாய்க்கும் அதுதான், காயம்பட்டுக் கிடந்தவருக்கும் அதுதான். சிக்கியிருந்தவர்களின் தொகையை அரசு குறைத்துச் சொன்னது, அதனால் அனுப்பப்பட்ட உணவும் மருந்தும் தேவைக்கு எட்டவில்லை என்று ஐ.நா. செயலாளர் நாயகம் அமர்த்திய நிபுணர் குழு 2011இல் எழுதியது.

கணக்கின் மறுபக்கம் சில மாதங்களில் தெரிந்தது. அந்த நிலத்தைவிட்டு உயிரோடு வந்து முகாம்களில் பதியப்பட்டவர்கள் 282,380 பேர். 70,000இன் நான்கு மடங்கு. பெப்ரவரி நடுப்பகுதிக்கு முன்பே வந்துவிட்டவர்களைக் கழித்தாலும் மூன்று மடங்குக்கு மேல். செத்தவர்களைச் சேர்க்காமலே இவ்வளவு.

2008 ஒக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டச் செயலகங்களின் பதிவில் இருந்த சனத்தொகை 429,059. அதிலிருந்து 282,380ஐக் கழித்தால் 146,679. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை இந்தக் கழித்தலைத்தான் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்தார்; இவர்கள் எங்கே என்று கேட்டார். நிபுணர் குழு, 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதை மறுக்க முடியாது என்றது. 2012 நவம்பரில் ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு, 70,000க்கு மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்று சொல்லும் நம்பத்தகுந்த தகவல்கள் உண்டு என்றது.

70,000 என்ற எண் இரண்டு தரம் வந்திருக்கிறது. முதல் தரம் உயிரோடு இருந்தவர்களின் தொகையாக, சோறு அளப்பதற்கு. இரண்டாம் தரம் காணாமற்போனவர்களின் தொகையாக. ஒரே பேரேட்டில் இந்த இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்தில் எழுதிப் பார்த்த இரவு என்னால் நித்திரை கொள்ள முடியவில்லை.

25 தொன்

காங்கேசன்துறை யாழ்ப்பாணத்தின் வாய். 1905இல் கொழும்பிலிருந்து வந்த தண்டவாளம் இங்கேதான் முடிந்தது. 1950இல் இங்கே சீமெந்து ஆலை தொடங்கியது. தெற்கேயிருந்து தரைப்பாதை அடைபட்ட காலம் எல்லாம் குடாநாடு இந்தத் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது.

1987 ஜூன் 4. இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்துக்கு மேலே வந்து உணவுப் பொதிகளைப் போட்டன. ஐந்து அன்ரனோவ் விமானங்கள், சுமார் 25 தொன். முதல் நாள் இராமேசுவரத்திலிருந்து புறப்பட்ட 19 படகுகளைக் கடற்படை வழிமறித்துத் திருப்பி அனுப்பியதன் பதில் அது. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி யாழ்ப்பாண மாவட்டத்தில் 7 லட்சத்து 38 ஆயிரம் பேர். 25 தொன்னைப் பங்கிட்டால் ஆளுக்கு 34 கிராம், எங்கள் கணக்கில் இரண்டு சிரட்டைக்கும் சற்றுக் குறைவு. ஆனால் அதைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கிராமில் பதில் சொல்வதில்லை. வானத்திலிருந்து சாப்பாடு விழுந்தது என்பார்கள், கை மேலே போகும். பிறகு அந்த ஜூன் பிற்பகுதியில் நிவாரணக் கப்பல் காங்கேசன்துறைக்கே வந்தது.

மூன்று ஆண்டு கழித்து, 1990 ஜூனில், நாங்கள் எல்லோரும் ஊரைவிட்டு ஓடினோம். காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி எல்லாம் உயர்பாதுகாப்பு வலயம் ஆயிற்று. றெயில் நின்றது, ஆலை நின்றது. வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரை அரசுக்கு எடுப்பதற்கு 2013இல்கூட அறிவித்தல் ஒட்டினார்கள். செம்மண் காணி அது. வெங்காயமும் கிழங்கும் புகையிலையும் விளைந்த பூமி.

2006 ஓகஸ்ட் 11இல் முகமாலையில் ஏ9 பாதை மூடியது. அப்போது குடாநாட்டில் சுமார் 6 லட்சம் சனம். 500 கிராம் கணக்கில் நாளுக்கு 300 தொன், மாதத்துக்கு 9,000 தொன். அவ்வளவும் கப்பலில்தான் வர வேண்டும். பருத்தித்துறையிலும் காங்கேசன்துறையிலும்தான் இறங்க வேண்டும். எங்கள் ஊர்த் துறையில் இறங்கிய அரிசியை நாங்கள் வேறொரு ஊரில் சங்கக்கடை வரிசையில் நின்று வாங்கினோம். மூடைக்கு மேலே கடற்காற்றின் ஈரம் இருக்கும். அம்மா அதைத் தொட்டுப் பார்த்து, "இது எங்கட துறையால வந்தது" என்பா. கப்பல் பிந்தினால் மாவும் சீனியும் பாதியாகும். ஒடியல் மா இருந்தவர்கள் கூழ் காய்ச்சினார்கள். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பனைக்குத் தாலவிலாசம் பாடியது சும்மா இல்லை. பனை எங்கள் சேமிப்புக் கிட்டங்கி.

அந்தக் காலத்தைப் பஞ்சம் என்று நான் எழுத மாட்டேன். கிட்டப் போனது, வரவில்லை. வன்னிக்கு வந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த வேறுபாடு கப்பல்.

450 கிராம்

1877 ஜனவரி. தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. கல்கத்தா அரசு அனுப்பிய சேர் றிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைத்தளத்தில் கல்லுடைக்கும் ஓர் ஆணுக்கு நாள் கூலியாக 1 இறாத்தல் தானியமும் 1 அணாவும் போதும் என்று முடிவு செய்தார். 1 இறாத்தல் என்றால் ஏறத்தாழ 450 கிராம். 1,630 கலோரி. வெயிலில் மண் சுமப்பவருக்கு. மாகாணச் சுகாதார ஆணையர் கோர்னிஷ் இதை எதிர்த்துப் புள்ளிவிவரத்தோடு வாதாடினார். இந்த அளவில் உடம்பு தன்னையே தின்னும் என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் இறந்தவர்கள் சுமார் 55 லட்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு இராமேசுவரம், தலைமன்னார் வழியாகக் கடல் கடந்து வந்தவர்களில் பலர் இந்தப் பஞ்சத்திலிருந்து ஓடி வந்தவர்கள்.

இந்தக் கூலியைப் படித்தபோது எனக்குப் பழைய பெயர் ஒன்று நினைவுக்கு வந்தது. சார்ள்ஸ் ட்ரெவெலியன். 1859இலிருந்து 1860 வரை சென்னையின் ஆளுநர். சௌகார்பேட்டைப் பக்கம் ட்ரெவெலியன் பேசின் என்று ஒரு தெருவுக்கு இன்றும் அவர் பெயர். அதற்கு முன் அவர் இலண்டனில் திறைசேரியின் துணைச் செயலாளர். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகத் தொடங்கியபோது நிவாரணப் பணத்தின் பூட்டும் சாவியும் அவர் கையில். பஞ்சம் முடியும் முன்னரே, 1848இல், அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். நடந்ததில் இறைவனின் சித்தத்தைக் கண்டார்.

அயர்லாந்தின் ஏடு இப்படி. 1841இல் சனத்தொகை 8,175,124. 1851இல் 6,552,385. வித்தியாசம் 1,622,739. இறந்தவர்கள் சுமார் 10 லட்சம். கப்பலேறியவர்கள் அதற்கும் மேல். உழைப்பாளி ஒருவர் முன்பு நாளுக்கு 6 கிலோ வரை உருளைக்கிழங்கு தின்றார். வேறொன்றும் கிடையாது, அதனால் அந்தப் பயிர் போனபோது எல்லாம் போயிற்று. 1847 ஜூலையில் அரசின் கஞ்சித்தொட்டிகளில் ஒரு நாளில் 30 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் குடித்தார்கள். இதை இரண்டு தரம் வாசிக்க வேண்டும்: 30 லட்சம் பேருக்கு ஊற்ற முடிந்திருக்கிறது. ஒழுங்கு இருந்திருக்கிறது, ஆள் இருந்திருக்கிறது, கிடாரம் இருந்திருக்கிறது. அந்த இலையுதிர் காலத்துக்குள் அவற்றை மூடிவிட்டார்கள். பஞ்சம் முழுவதற்கும் பிரித்தானிய அரசு செலவிட்டது சுமார் 80 லட்சம் பவுண். அதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னர், அடிமை முறையை ஒழித்தபோது அடிமைகளின் சொந்தக்காரர்களுக்கு நட்டஈடாக ஒதுக்கியது 2 கோடி பவுண்.

வரவுப் பக்கத்திலும் எழுத வேண்டியவை உண்டு. அந்தப் பஞ்சத்துக்கு வெளியிலிருந்து முதன்முதலில் சேர்ந்த பெருந்தொகைகளில் ஒன்று கல்கத்தாவில் சேர்ந்தது, 14,000 பவுண். அமெரிக்காவின் சொக்டோ பழங்குடிகள், தங்கள் நிலத்திலிருந்து விரட்டப்பட்டுப் பதினாறு ஆண்டுகூட ஆகாத நிலையில், 1847இல் 170 டொலர் சேர்த்து அனுப்பினார்கள். கோர்க் மாவட்டத்தில் மிடில்டன் என்ற ஊரில் அதற்கு நன்றியாக ஒரு சிற்பம் நிற்கிறது. ஒன்பது உலோக இறகுகள், ஆறு மீற்றர் உயரம். வட்டமாக நின்று ஒரு வெறும் கிண்ணத்தின் வடிவைக் காட்டுகின்றன. 170 டொலருக்கு 170 ஆண்டு கழித்து எழுதிய பற்றுச்சீட்டு.

வெள்ளைக் கிழங்கும் கறுத்த கிழங்கும்

ஐரிஷ் மொழியில் அந்தப் பஞ்சத்தைப் பற்றி அதை அனுபவித்தவர்களே பாடிய பாட்டுகள் அதிகம் மிஞ்சவில்லை. மிஞ்சியவற்றில் இரண்டின் தலைப்புகளே ஒரு கதை. கால்வே மாவட்டத்துப் பட்சி ஓ கலனான் 1846இல் கட்டிய பாட்டின் பெயர் ‘வெள்ளைக் கிழங்குகள்’. வாட்டர்போர்ட் மாவட்டத்தில் றிங் என்ற கடற்கரை ஊரைச் சேர்ந்த மாரி நீ க்ரோமா என்ற பெண் பாடியது ‘கறுத்த கிழங்குகள்’. பஞ்சத்தைக் கடவுளின் தலையில் கட்ட மறுத்த பாட்டு அது. திறைசேரியில் இருந்தவர் இறைவனின் சித்தம் என்று எழுதிய அதே பஞ்சத்தை, கிழங்கு அழுகிய வயலின் வரம்பில் நின்ற பெண் அப்படிப் பார்க்கவில்லை. யார் சொன்னதை நான் நம்புவேன் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தப் பாட்டுகள் ஏன் குறைவு என்பதற்கும் எண்ணில்தான் விடை. 1851இல்தான் அந்த நாட்டுக் குடிசன மதிப்பீட்டில் முதன்முதலாக மொழியைக் கேட்டார்கள். ஐரிஷ் பேசியவர்கள் 1,524,286 பேர், நூற்றுக்கு 23. பஞ்சம் கடுமையாகத் தின்றது ஐரிஷ் பேசிய மேற்கையும் தெற்கையும். பாடுகிறவர் செத்தார், கேட்கிறவர் கப்பலேறினார், பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். ஊர் ஊராகப் போய்ப் பஞ்ச நினைவுகளைக் கேள்விக்கொத்து வைத்து நாட்டாரியல் ஆணைக்குழு திரட்டியது 1945இல். நூறு ஆண்டு கழித்து.

தமிழில் அவ்வளவு காத்திருக்கவில்லை. தாது வருஷத்துக்குக் கும்மிகள் அச்சாயின. சிவகங்கை சமஸ்தானத்துப் புலவர் வில்லியப்ப பிள்ளையின் பஞ்சலட்சணத் திருமுக விலாசம் 1899இல் வந்தது. நாலாயிரம் அடிக்கு மேல். பசித்த சனம் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிட, அவரோ தன்னால் ஆகாது என்று சிவகங்கை ஜமீன்தாருக்குத் திருமுகம் எழுதிக் கொடுத்து அனுப்புகிறார். கடவுளே கடிதம் எழுதிக் கைகாட்டுகிற இடத்துக்குப் பசி வந்துவிட்டது. மாரி நீ க்ரோமா கடவுளைக் குற்றத்திலிருந்து விடுவித்தாள். வில்லியப்ப பிள்ளை கடவுளைப் பொறுப்பிலிருந்து விடுவித்தார். இருவரும் ஒரே பக்கமாகத்தான் விரல் நீட்டுகிறார்கள்: மூடையின் சாவி யாரிடம் இருக்கிறதோ அங்கே.

2024 ஓகஸ்டிலிருந்து நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் ஓடும் பயணிகள் கப்பலின் பெயர் சிவகங்கை. 60 கடல்மைல், நாலு மணித்தியாலப் பயணம். அது துறைக்குள் வரும்போதெல்லாம் அந்தத் திருமுகந்தான் வந்து சேர்கிறது என்று எனக்குள் ஒரு நினைப்பு.

ஒரு பாத்திரம், விலை இல்லை

வில்லியப்ப பிள்ளையின் நூல் வருவதற்கு ஓர் ஆண்டு முன், 1898இல், உ.வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தார். முப்பது காதைகள். நான் அறிந்தவரை பசியை நடுவில் வைத்துக் கட்டிய பெருங்காப்பியம் தமிழில் அது ஒன்றுதான், அதன் பாத்திரம் எடுக்கப்பட்டது எங்கள் கடலில். அது கிடைத்த மணிபல்லவம் நயினாதீவுதான் என்று பலர் கருதுவர்.

ஆபுத்திரன் கதையைப் பேரேடாக வாசித்துப் பாருங்கள். பாண்டி நாட்டில் 12 ஆண்டு மழை இல்லை. சிந்தாதேவி தந்த ஓடு ஒன்று. எவ்வளவு எடுத்தாலும் குறையாது. பிறகு மழை பெய்கிறது, உண்ண வருவோர் இல்லாமற் போகிறார்கள். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறுகிறான். கப்பல் மணிபல்லவத்தில் தங்குகிறது. இவன் இறங்க, இவனை விட்டுவிட்டுப் பாய் விரித்துப் போய்விடுகிறது. ஒரு பக்கம் குறையாத சோறு, இன்னொரு பக்கம் செத்துக்கொண்டிருக்கும் சனம், நடுவில் போய்விட்ட ஒரு கப்பல். ஆளில்லாத தீவில் தான் மட்டும் உண்டு கிடக்க மனமில்லாமல் ஓட்டைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிரை விடுகிறான். ஆண்டுக்கு ஒரு நாள் அது மேலே வரும். அந்த நாள் வைகாசி விசாகம்.

2009 வைகாசியில், புதுமாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரையான கரைக்கு எட்டிய தூரத்தில் கடலில் கப்பல் நின்றது. பெப்ரவரியிலிருந்து மே 9 வரை செஞ்சிலுவைக் குழுவின் கப்பல் காயக்காரரையும் கூட வந்தவரையும் 13,000 பேருக்கு மேல் ஏற்றிச் சென்றது. வரும்போது உணவு கொண்டு வந்தது. அதன் பிறகு சண்டை கடுமையாகி அதுவும் வர முடியாமற் போயிற்று. மே 9இலிருந்து போர் முடிந்த 18 வரை ஒன்பது நாள். ஆபுத்திரன் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது கப்பல் போய்விட்ட இடத்தை நான் கவனிக்கவே இல்லை. இப்போது அந்த இடத்தைத் தாண்ட முடிவதில்லை.

14 கம்பராமாயணம்

காங்கேசன்துறைக்கு மேற்கே கூப்பிடு தூரத்தில் கீரிமலை. யாழ்ப்பாணத்தில் செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. கீரிமலைக் கேணியில் முழுகி, கடலில் கரைத்து, வீட்டுக்கு வந்து சோறு போடுவார்கள். வந்தவர் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று பெயர். உள்ளே படம், வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று சரமகவிகள். ஊரில் பாட்டுக் கட்டத் தெரிந்த வாத்தியார் ஒருவர் எழுதித் தருவார். செத்தவருக்குப் பாட்டு இல்லாமல் எங்களுக்கு முப்பத்தொன்று கழியாது.

ஆயர் கேட்ட 146,679 பேரில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது முடியாத கேள்வி. ஆனால் அந்த எண்ணுக்கு ஆளுக்கு ஒரே ஒரு வெண்பா என்று வைத்துப் பாருங்கள். கம்பராமாயணம் ஏறத்தாழ 10,500 பாட்டு. 146,679 வெண்பா என்பது 14 கம்பராமாயணம். கல்வெட்டில் வழமையாக வரும் நாலு பாட்டு என்றால் 56. நிபுணர் குழு சொன்ன 40,000 என்று எடுத்தாலும் கிட்டத்தட்ட 4 கம்பராமாயணம் எழுதப்படாமல் கிடக்கிறது.

கவிஞர்கள் சும்மா இருக்கவில்லை. அளவெட்டியில் பிறந்த சேரனின் காடாற்று 2011இல் வந்தது. பா. அகிலன் தன் தொகுப்புக்குச் சரமகவிகள் என்றே பெயர் வைத்தார். எண்ணிப் பார்த்தால் இரண்டும் மெல்லிய புத்தகங்கள். அவை அப்படித்தான் இருக்க முடியும். ஒரு வாத்தியாரால் ஓர் ஊருக்கு எழுத முடியும், ஒரு இனத்துக்கு எழுத முடியாது. ஆனால் அந்தப் பெயர்களைக் கவனியுங்கள். காடாற்றுதல், சரமகவி பாடுதல். செத்த வீட்டில் நடந்திருக்க வேண்டிய சடங்குகளைப் புத்தகத்துக்குள் கொண்டுபோய் நடத்தியிருக்கிறார்கள். வெண்பா கட்டத் தெரியாத எங்களுக்குக் கஞ்சி.

4 பேர்

2024 மே. திருகோணமலை மாவட்டம், சம்பூர். முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்காக மூன்று பெண்களும் ஓர் ஆணும் கைதானார்கள். கஞ்சி கொடுப்பதற்கு நீதிமன்றத் தடையுத்தரவு இருந்தது. பொதுச் சுகாதாரம் காரணமாகக் காட்டப்பட்டது. அரிசி, உப்பு, தண்ணீர். 100 பாகை செல்சியஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கொதித்தது. இதற்குள் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2022 மே 18ஆம் நாள், சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு ஒரு கப்பல் புறப்பட்டது. 9,000 தொன் அரிசி, 200 தொன் பால்மா, 24 தொன் மருந்து. தமிழ்நாடு அரசு அறிவித்த 123 கோடி இந்திய ரூபா உதவியின் முதல் தவணை. மொத்தத்தில் அரிசி 40,000 தொன், பெறுமதி 80 கோடி. கிலோ 20 ரூபா. இலங்கையின் 2 கோடி 20 லட்சம் சனத்துக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 1.8 கிலோ, மூன்றரை நாட்சோறு. அந்தச் செப்டெம்பரில் கொழும்பில் உணவு விலை முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு 94.9 கூடியிருந்தது. அந்த அரிசி சிங்களவர், தமிழர், முஸ்லிம், மலையகத்தார் என்று எல்லோர் வீட்டுக்கும் போயிற்று. போக வேண்டியதுதான். பசித்தவரின் இனத்தைக் கேட்டு அளந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். நான் குறித்து வைத்தது நாளைத்தான்: மே 18. பதின்மூன்று ஆண்டு பிந்திய ஒரு கப்பல்.

பஞ்சமும் போரும் தின்ற இடங்களில் சனத்தொகை இன்னும் பழைய இடத்துக்கு வரவில்லை. அயர்லாந்துத் தீவின் இரு பகுதிகளையும் 2021, 2022ஆம் ஆண்டுக் கணக்கில் கூட்டினால் 7,052,314. 1841ஐ எட்ட இன்னும் 11 லட்சம் வேண்டும். யாழ்ப்பாண மாவட்டத்தில் 1981இல் 7 லட்சத்து 38 ஆயிரம், 2012இல் 5 லட்சத்து 83 ஆயிரம். காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியில் றெயில் திரும்பி வந்தது. எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீட்டு அத்திவாரம் உண்டு. விளக்கு எரிவது நாலில்.

மே 18 காலையில் அரிசியை நான் தராசில் வைத்துத்தான் நிறுப்பேன். சரியாக 5,000 கிராம். ஆண்டுக்கு ஆண்டு ஒரே அளவு இருந்தால்தான் எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒப்பிட முடியும். உலை கொதித்ததும் அம்மா வருவா. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து, அரிசிப் பானைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி உலையில் போடுவா.

"அம்மா, நான் நிறுத்துப் போட்டது."

"அளந்து போட்டாக் காணாது பிள்ளை. ஆர் வருவினமெண்டு தெரியுமே."

போன முறை அவ போட முன்னர் கையை மறித்து, அந்தப் பிடியைத் தராசுத் தட்டில் கொட்டுவித்தேன். 74 கிராம். நாலு சிரட்டை. கொப்பியில் 5 கிலோ என்று இருந்ததை வெட்டி 5 கிலோ 74 கிராம் என்று எழுதினேன்.